உன் இருமல் எப்படி இருக்கிறது?

மஹ்தியா
12 ஜனவரி

அன்புள்ள சின்னத் தாத்தாவுக்கு,

அரீஜ் ஸலாம் சொல்லி எழுதுகிறேன். அம்மா நலம், அப்பா நலம். கடல் மட்டும் நேற்றிலிருந்து கொஞ்சம் கோபமாக இருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி?

இந்தக் காலத்தில் கடிதமா என்று திகைக்காதீர்கள், காரணம் இருக்கிறது. கைபேசியில் எதை அனுப்பினாலும் ஒருவன் அதைப் படம்பிடித்து இன்னொருவனுக்குத் தள்ளிவிடுகிறான். போன வருடம் எங்கள் பள்ளியின் தக்லா அப்படித்தான் நாசமானது. இறுதித் தேர்வுக்கு முன்னால் விளையாட்டுத் தேர்வு வருமே, அன்று மேளமும் வண்ணப் புகையுமாக மைதானத்துக்குள் நுழைவோமே, அதுதான். அம்மா காலத்தில் நான்கு பலூனோடு முடிந்துவிடுமாம். இப்போது கட்டடத்தையே மறைக்கிற துணியில் படம் எழுதி மாடியிலிருந்து இறக்குகிறோம். நாடு முழுக்க எல்லாப் பள்ளிகளும் வீடியோ போடும். எது அதிகம் பரவுகிறதோ அந்தப் பள்ளிதான் அந்த வருடத்து ராஜா! போன வருடம் எங்கள் படத்தை மேட்டுப் பள்ளிக்காரர்கள் முந்தின நாளே கண்டுபிடித்து, அதைக் கேலி செய்து போட்டுவிட்டார்கள்.

அதனால் எங்கள் தலைவன் ஃபீராஸ் சட்டம் போட்டிருக்கிறான். “டேய், துணியப் பத்தி ஒரு எழுத்துகூட போன்ல வரக் கூடாது. வந்துச்சு, அவன் தக்லா அன்னைக்கு வாசல்ல பைக்குக்குக் காவல்.”

இந்த வருடம் எங்கள் படம், கடலிலிருந்து எழும் ஆக்டோபஸ். எட்டுக் கைகளிலும் எட்டுத் தேர்வுத்தாள். மலேக் நோட்டில் வரைந்திருக்கிறாள், பதினெட்டு சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு. அது பதினெட்டு மீட்டருக்குப் பன்னிரண்டு ஆக வேண்டும். நாங்கள் பெரிதாக்கினால் கத்தரிக்காயாகிவிடுகிறது. நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் வரைபடம் வரைந்தவர் நீங்கள். எப்படிச் செய்வது?

இன்னொரு ரகசியம். பதினோராயிரம் பேர் பார்க்கிற எங்கள் பள்ளிப் பக்கத்தை நடத்துவது நான்தான். நான்கு பேருக்குத்தான் தெரியும். நீங்கள் ஐந்தாவது!

குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள்ளுங்கள்.

உங்கள் அரீஜ்


கெஃப்
21 ஜனவரி
எண் 1 (நகல் என்னிடம் உள்ளது)

கண்மணி அரீஜுக்கு,

சின்னத் தாத்தா ஷாத்லியின் ஆசிகள். உன் கடிதம் ஏழு நாள் மலையேறி வந்து சேர்ந்தது. இங்கே நானும் முழங்காலும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உனக்கு உதவ எனக்குத் தகுதி இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் வரைந்தவையெல்லாம் வரப்புகளும் கிணறுகளும். உயிருள்ள எதையும் வரைந்ததில்லை. இருந்தாலும் ஒரு வழி தெரியும். நோட்டுப் படத்தின் மேல் ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் போடு. பதினெட்டுக்குப் பன்னிரண்டு, இருநூற்றுப் பதினாறு கட்டங்கள். துணியில் சுண்ணாம்பு நூலை இழுத்துச் சுண்டி ஒரு மீட்டர் கட்டங்கள் போடுங்கள். பிறகு முழுப் படத்தையும் மறந்துவிட்டு, ஒரு கட்டத்தில் உள்ளதை மட்டும் அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். பயந்தவர்களுக்கு ஏற்ற முறை இது. ஒரே நேரத்தில் ஒரு மீட்டருக்குமேல் தைரியம் தேவைப்படாது.

ஒரு சந்தேகம். பதினோராயிரம் பேர் பார்க்கும் பக்கத்தை நடத்துகிறவள் ஏன் நான்கு பேருக்கு மட்டும் தெரிந்தவளாக இருக்கிறாய்? கேட்டது தவறென்றால் இந்த வரியை விட்டுவிடு.

நலம் விரும்பும்,
ஷாத்லி


மஹ்தியா
3 பிப்ரவரி

அன்புள்ள சின்னத் தாத்தாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம், ஆக்டோபஸும் நலம்! துறைமுகத்தில் மலேக்குடைய அப்பாவின் பழைய ஐஸ் கிடங்கில் துணியை விரித்து நூலைச் சுண்டினோம். இருநூற்றுப் பதினாறு கட்டமும் விழுந்தபோது ஃபீராஸ் கத்தினான்: “உங்க தாத்தாவ ஹெட்மாஸ்டர் ஆக்குங்கடா!” இரண்டு கைகள் முடிந்துவிட்டன. ஏணியில் ஏறிப் பார்த்தால் நிஜமாகவே ஆக்டோபஸ்! கத்தரிக்காய் இல்லை!

பக்கத்து வேலையும் தலைக்குமேல். எந்தப் படமும் எங்கள் நீதிமன்றத்தில் தேறாமல் வெளியே போகாது. நான், மலேக், தஸ்னீம், ஃபீராஸ், நான்கு நீதிபதிகள். நேற்று நடந்த வழக்கு இது:

“என் மூக்கு டமாரம் மாதிரி இருக்கு, போடாதேடி!”

“மூக்கு அப்படித்தாண்டி இருக்கு, படம் என்ன பண்ணும்?”

“பக்கவாட்டுல எடு. மூச்ச இழுத்துப் பிடிச்சிருக்கேன், சீக்கிரம் எடு!”

ஃபீராஸுக்கு, கேமராவைக் கவனிக்காதவன்போல் கடலைப் பார்க்கும் படம் வேண்டும். கவனிக்காமல் இருக்க அவனுக்கு நாற்பத்தோரு தடவை எடுக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் முந்நூறு இதயம் விழாவிட்டால் படத்தைத் தூக்கிவிடுவோம். போட்டதே இல்லை என்று ஆகிவிடும்.

சாயம் தெளிக்கிற டப்பாவால் எனக்குக் கொஞ்சம் இருமல். பெரிதில்லை. வந்தால் கிடங்குக்குப் பின்னால் போய் இருமிவிட்டு வருகிறேன்.

அம்மா உங்களுக்கு ஸலாம் சொல்கிறாள்.

அரீஜ்


கெஃப்
14 பிப்ரவரி
எண் 2

கண்மணி அரீஜுக்கு,

ஆசிகள். இங்கே பனி விழுந்தது. நான் விழவில்லை.

ஒரு செய்தி. நான் கைபேசி வாங்கிவிட்டேன். மூன்று நாள் கடை வாசல்வரை போய்த் திரும்பினேன். நான்காம் நாள் கடைக்காரன் வெளியே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான். “ஹாஜி, பயப்படாதீங்க. இது கடிக்காது. மாவு அரைக்கிறதத் தவிர எல்லாம் பண்ணும்” என்றான். உங்கள் பக்கத்தையும் அவனே திறந்து கொடுத்தான்.

முதல் படத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு தாளில் அட்டவணை போட்டேன். ஃபீராஸ் ஐம்பத்தாறு படங்களில் இருக்கிறான். மூக்கைப் பற்றி வழக்காடியது யார் என்றும் கண்டுகொண்டேன். மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நீ எதிலும் இல்லை. நூற்று நாற்பத்தேழாம் படத்தில் மட்டும் சுவரில் ஒரு நிழல். கையில் கைபேசி, முதுகில் சடை. நீ என்று முடிவு செய்தேன். தவறாகவும் இருக்கலாம்.

இருமலை அலட்சியம் செய்யாதே. மலையில் பறித்த மூலிகை ஒரு பொட்டலம் இத்துடன் வருகிறது. கொதிக்கவைத்துத் தேன் விட்டுக் குடி.

ஷாத்லி


மஹ்தியா
9 மார்ச்

அன்புள்ள சின்னத் தாத்தாவுக்கு,

நோன்பு எப்படிப் போகிறது? மருந்தை நேரம் மாற்றி ஒழுங்காகப் போடுகிறீர்களா? நான் நலம். மூலிகை வேப்பங்காய்க் கசப்பு, ஆனால் கேட்கிறது.

நீங்கள் கைபேசி வாங்கியதைச் சொன்னதும் கிடங்கே கைதட்டியது! இப்போதெல்லாம் நோன்பு திறந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் படம் போடுகிறோம். அதற்கு முன் போட்டால் ஈ காக்கை பார்க்காது, எல்லோர் கண்ணும் ப்ரிக் பலகாரத் தட்டின் மேல். ஏழு கைகள் முடிந்தன. ஏழாவது மட்டும் ஈரக்காற்றில் காயவே மாட்டேன் என்கிறது. மேட்டுப் பள்ளிக்காரர்கள் வாடகைக்கு ட்ரோன் எடுக்கிறார்களாம். எடுக்கட்டும்!

நிழலைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வகுப்பில் சடை போட்டவர்கள் ஒன்பது பேர்.

பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறீர்களே, இது நியாயமா? பெருநாளன்று எங்கள் கைகளை மட்டும் ஒரு படம் போடுவோம். அதன் கீழே நீங்களும் ஏதாவது எழுதுங்கள். பெரியவர்கள் எழுதினால் ராசி என்கிறாள் தஸ்னீம்.

அரீஜ்


கெஃப்
பெருநாள் மாலை, 31 மார்ச்
எண் 3

கண்மணி அரீஜுக்கு,

பெருநாள் வாழ்த்து. இன்று நான் மிகுந்த உற்சாகத்தில் இருக்கிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி எழுதிவிட்டேன்! தாளில் இரண்டு முறை எழுதிப் பார்த்து, ஒரு விரலால் தட்டி, ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன். காகித விமானம்போல் ஒரு குறி இருந்தது. தொட்டதும் போய்விட்டது. உன் கைக்கு மட்டும் போகிறது என்பதால் மனம் விட்டு எழுத முடிந்தது. நகல் இது:

“கண்மணி அரீஜுக்கு, பெருநாள் வாழ்த்து. நானும் என் முழங்காலும் நலம். நீ நடத்தும் இந்தப் பக்கத்தை முழுவதும் பார்த்தேன். எல்லோரும் அழகாக இருக்கிறார்கள். உன் முகம் இல்லாததுதான் ஒரு குறை. உன் இருமல் எப்படி இருக்கிறது? சாயம் தெளிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள். ஆக்டோபஸின் ஏழாவது கை காய்ந்ததா? உன் பாட்டனாரின் தம்பி, ஷாத்லி, தபால் நிலையத்துக்கு எதிரில், இரண்டாம் மாடி, கெஃப்.”

ஒரு மணி நேரத்துக்குள் எண்பது இதயங்கள் விழுந்திருக்கின்றன. நீ ஒருத்தியே எண்பது போட்டாயா? இவ்வளவு வேண்டாம்.

ஷாத்லி


கெஃப்
3 ஏப்ரல்
எண் 4

அரீஜுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

நேற்று ஆயிரத்து நானூறு பேர் எனக்குப் பதில் எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் “லொக் லொக்” என்று மட்டும். எல்லோருக்கும் இருமலா, கடற்கரையில் ஏதாவது காய்ச்சல் பரவுகிறதா என்று கவலைப்பட்டு உன் அம்மா சல்வாவைக் கூப்பிட்டேன்.

சல்வா அழுதாள். “சித்தப்பா, அத ஊரே படிச்சிடுச்சு. பக்கத்த நடத்துறவ யாருன்னு போச்சு, துணியில என்னன்னும் போச்சு. அதுகூடப் பரவாயில்ல, இருமல எதுக்கு இழுத்தீங்க?” என்றாள். பிறகுதான் சொன்னாள். பதினைந்து வயதில் நீ மாடியில் நின்று பாடி வீடியோ போட்டதை, நடுவில் ஹரிஸா மிளகாய் விழுதின் காரம் புரையேறி இருமியதை, அதை மட்டும் வெட்டி அறுபதாயிரம் பேர் பார்த்ததை, ‘இருமல் ராணி’ என்ற பெயரை. “ஒரு வருஷம் பின் தெரு வழியாத்தான் ஸ்கூலுக்குப் போனா, சித்தப்பா. எல்லாத்தையும் அழிச்சா. அப்புறம் மூஞ்சியக் காட்டவே இல்ல.”

நீ என் கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்லாமல் விட்டாய். அளவைத் துறையில், வரைபடத்தில் வெற்றாக விட்ட இடத்தில் காலை வைக்காதே என்பது முதல் பாடம். நான் வைத்துவிட்டேன்.

மற்றவர்கள் எழுதியவை என் கண்ணில் படாமல் இல்லை. அவை வாழ்த்து அட்டைகள், என்னுடையது கடிதம் என்று நினைத்தேன். பிறர் கடிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். கடைக்காரனிடம் ஓடி அழிக்கச் சொன்னேன். அழித்தான். “ஆனா ஹாஜி, இதப் படம்பிடிச்சு ஊரெல்லாம் சுத்துது” என்றான்.

கைபேசி இப்போது மேசையின் அடி இழுப்பறையில், பூட்டில். உனக்குப் பதில் எழுத மனம் இல்லையென்றால் எழுத வேண்டாம். இருமலுக்கு மருந்து மட்டும் குடி.

ஷாத்லி


மஹ்தியா
7 ஏப்ரல்
(வண்டி ஓட்டுநர் கையில்)

அன்புள்ள சின்னத் தாத்தாவுக்கு,

நலம். தபாலை நம்ப நேரமில்லை, அதனால் வாடகை வண்டிக்காரர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று நாள் உங்கள் மேல் அவ்வளவு கோபம். உங்கள் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவேன். கிடங்கில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஃபீராஸ் ஏணியை உதைத்தான். “போச்சு! மூணு மாச வேலை! நேத்தே மேட்டுக்காரனுங்க ஆக்டோபஸ வறுத்துத் தின்னுற மாதிரி வீடியோ போட்டுட்டானுங்க!” மலேக் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “அழிச்சிடு அரீஜ். பக்கத்தையே அழிச்சிடு. போன தடவ அப்படித்தானே பண்ணே?”

அழிக்கத்தான் போனேன். விரலை வைத்துவிட்டேன். அதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தடவை படித்துவிடலாம் என்று தோன்றியது. எத்தனை லொக் லொக் என்று எண்ணத்தான். நடுவில் ஒருத்தி எழுதியிருந்தாள், மேட்டுப் பள்ளிக்காரிதான்: “எனக்கு இப்படி யாராவது எழுதினா செத்தே போவேன், சந்தோஷத்துல.” அதற்குக் கீழே ஒருவன்: “ஹாஜி, எனக்கும் இருமல். என்னையும் கேளுங்க.” அதற்குக் கீழே இன்னொருவன். எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இப்போது ஓர் உதவி. ஏன் என்று கேட்கக் கூடாது. அந்தக் கடிதத்தை உங்கள் நீல மையால், உங்கள் கையால், குறுக்கே நீண்ட தாளில் எழுதுங்கள். பதினெட்டுக்குப் பன்னிரண்டு. சுருக்கமாக, இருமலோடு முடித்துவிடுங்கள். இதே வண்டியில் அனுப்புங்கள். தக்லா பதினாறாம் தேதி. நீங்களும் வரவேண்டும்!

அவசரத்தில்,
அரீஜ்

முழங்காலை விசாரிக்க மறந்துவிட்டேன். எப்படி இருக்கிறது?


கெஃப்
8 ஏப்ரல்
எண் 5

கண்மணி அரீஜுக்கு,

நலம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் முழங்காலையும் மறந்து இரண்டு மாடி இறங்கி வண்டிக்காரரிடம் ஓடினேன்.

கேட்டது இத்துடன் இருக்கிறது. நான்கு முறை எழுதினேன். கை நடுங்குகிறது. நான்காவதை அனுப்புகிறேன். மூன்றாவதில் கேள்விக்குறி இன்னும் நன்றாக வந்திருந்தது, ஆனால் மை சிந்திவிட்டது. ஏன் என்று கேட்கவில்லை.

என்னால் வர இயலாது. மூன்று வண்டி மாற வேண்டும், கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. என்னால் இனி எதுவும் கெடவும் கூடாது. இழுப்பறையைத் திறந்து கைபேசியில் பார்த்துக்கொள்கிறேன்.

ஷாத்லி


மஹ்தியா
17 ஏப்ரல்

அன்புள்ள, அன்புள்ள சின்னத் தாத்தாவுக்கு!

நான் நலம், தொண்டை மட்டும் நலமில்லை, கத்திக் கத்திப் போய்விட்டது. எங்கே தொடங்குவது?

துணியைத் திருப்பிப் போட்டோம். ஆக்டோபஸின் கடல் பின்பக்கம் ஊறி வெளிர்நீலமாக வந்திருந்தது, உங்கள் கடிதத்தாள் நிறம்! அதன் மேல் உங்கள் கட்டம், உங்கள் கையெழுத்து. நடுக்கத்தையும் விடவில்லை. தஸ்னீம் ஒரு கோட்டை நேராக்கப் பார்த்தாள். ஃபீராஸ் விடவில்லை: “தாத்தா கை நடுங்கினா துணியும் நடுங்கணும். கட்டத்துல உள்ளத மட்டும் எழுதுடி.” ஏழே நாளில் முடித்தோம்.

நேற்று மேட்டுப் பள்ளிக்காரர்கள் நூறு பேர் மதிலுக்கு வெளியே வந்து நின்றார்கள். ஆக்டோபஸ் இறங்கும், நாம் இருமலாம் என்று. மாடியிலிருந்து துணி இறங்கியது. பதினெட்டு மீட்டர் நீளம்! “கண்மணி அரீஜுக்கு. நானும் என் முழங்காலும் நலம். உன் முகம் இல்லாததுதான் ஒரு குறை. உன் இருமல் எப்படி இருக்கிறது?” அவ்வளவுதான். மைதானம் அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் படிப்பது தெரிந்தது, உதடு அசைந்தது.

நான் ஃபீராஸின் தோளில், கையில் ஒலிபெருக்கி. பள்ளியின் பெயரைக் கத்த வேண்டும் என்பதுதான் திட்டம். வாயைத் திறந்தேன், சாயப்புகை தொண்டையில் ஏறியது. அதே ஊர், அதே கேமராக்கள். ஒரு நொடி ஒலிபெருக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கிடங்குக்குப் பின்னால் ஓடிவிடலாமா என்று இருந்தது.

“இருமு!” என்றான் கீழேயிருந்து ஃபீராஸ். “நல்லா இருமு! என் தோள் போனாலும் பரவாயில்ல!”

ஒலிபெருக்கியிலேயே இருமினேன். மேளக்காரர்கள் மூன்று தட்டுத் தட்டினார்கள். முந்நூறு பேரும் லொக், லொக், லொக்! மறுபடி மேளம், மறுபடி இருமல்! விளையாட்டு ஆசிரியர்கூட இருமினார். மதிலுக்கு வெளியே இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கேலி செய்ய வந்தவர்கள், தாளம் தவறாமல் இருமிவிட்டுப் போனார்கள்!

வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அதில் என் முகம் இருக்கிறது. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே போட்டேன். வாய் கோணி, கண் பிதுங்கி, அசிங்கமாக இருக்கிறேன். முதல் ஒரு மணி நேரத்தில் எத்தனை இதயம் என்று பார்க்கவே மறந்துவிட்டேன்.

எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நீங்கள் மட்டும் எழுதவில்லை. பார்த்தீர்களா, இல்லையா?

உங்கள் அரீஜ்


கெஃப்
21 ஏப்ரல்
எண் 6

கண்மணி அரீஜுக்கு,

ஆசிகள். முழங்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அன்று கைபேசியில் நான் பார்க்கவில்லை. பதினாறாம் தேதி விடியற்காலையில் வண்டி நிலையத்துக்கு நடந்தேன். போகப்போவதில்லை, நிலையம்வரைதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முதல் வண்டியில் ஓர் இடம்தான் காலியாக இருந்தது. “ஹாஜி, ஏறுறீங்களா, யோசிக்கிறீங்களா?” என்றான் ஓட்டுநர். ஏறிவிட்டேன். அதன்பின் ஒவ்வொரு வண்டியாகத்தான் யோசித்தேன், உங்கள் கட்டங்களைப்போல. ஒரே நேரத்தில் ஒரு வண்டிக்குமேல் தைரியம் தேவைப்படவில்லை.

மதிலோரம் பெற்றோர்கள் கூட்டத்தில் நின்றேன். துணி இறங்கியபோது படிக்க முடியவில்லை, சாயப்புகையால் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஆக்டோபஸ் இன்னும் பின்னால் மங்கலாகத் தெரிகிறது, ஏழாவது கை நன்றாகக் காய்ந்திருக்கிறது. கேள்விக்குறியின் புள்ளி மட்டும் ஒரு சாண் இடப்பக்கம் விலகியிருக்கிறது. அது என் தாளிலேயே விலகியிருந்தது என்று வீட்டுக்கு வந்து நகலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

உன்னையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பக்கத்தைத் திறந்து எண்ணினேன், அட்டவணையில் இருநூற்று ஐம்பத்தெட்டாம் படம். குறிப்புப் பத்தியில் ‘முகம்’ என்று எழுதியிருக்கிறேன்.

கிட்டே வந்திருக்கலாம். உன்னைச் சுற்றி முந்நூறு பேர் இருந்தார்கள், எனக்குக் கடைசி வண்டி இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்றாவது முறை மேளம் தட்டியபோது நானும் இருமினேன். நன்றாகவே, சத்தமாக. எல்லோரும் நிறுத்திய பின்பும் எனக்கு நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் பதறிப்போய், “ஐயோ ஹாஜி, இருமல் இப்படி இருக்கே! யாரு வீட்டுப் பெரியவரு நீங்க?” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

நான் துணியைக் காட்டினேன். அவள் துணியைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

நலமே,
ஷாத்லி